பழைய வேக்குவம் பிரஸ்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் கடையை மூடிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து, படத்தைச் சூட்டோடு போர்டில் ஒட்டும் எங்கள் வேக்குவம் பிரஸ்ஸை 600 வெள்ளிக்கு வாங்கினோம். "நல்லா ஓடுது பாஸ், ஆனா இப்பல்லாம் சரியா ஒட்ட மாட்டேங்குது" என்றார். முதல் இரண்டு வாரம் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு பகுதியாகக் கழற்றிப் பார்த்ததில், பிரஸ்ஸில் பெரிய கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஈரம்தான் எல்லாம். போர்டில் ஈரம், பம்ப் எண்ணெயில் ஈரம், ஹீட்டருக்குள்ளும் ஈரம். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிற ஊரில் இருந்துகொண்டு, குளிர்நாட்டுக் கையேட்டை வைத்து இந்த இயந்திரத்தை ஓட்ட முடியாது.

இங்கே பழைய பிரஸ் வாங்கி, சாமி படமும் கல்யாணப் படமும் பட்டமளிப்புப் படமும் ஒட்டிக் கொடுக்கிற சிறிய கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பிரஸ்ஸில் தெரிகிற அறிகுறி எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

எதையும் கழற்றும் முன்

வேக்குவம் பிரஸ் படத்தை அழுத்துவதில்லை. அழுத்துவது காற்று. மூடிக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் நடுவில் இருக்கிற காற்றைப் பம்ப் உறிஞ்சிவிடுகிறது. வெளியே இருக்கிற காற்று ரப்பரைத் தள்ளிப் படத்தைப் போர்டோடு ஒட்டவைக்கிறது. நாம் இருப்பது கடல்மட்டத்தில். வேக்குவத்தை அளக்கும் கேஜில் 25 அங்குலம் (பாதரசக் கணக்கில்) காட்டினால் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 12 பவுண்டு அழுத்தம் கிடைக்கும். 1200 மில்லிமீட்டருக்கு 900 மில்லிமீட்டர் படுக்கை என்றால் மொத்தத்தில் ஒன்பது டன்னுக்கு மேல். ஆகவே கண்ணாடி மூடி உள்ள பிரஸ்ஸில் ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் நான் வாங்க மாட்டேன். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி.

இயந்திரத்தின் பெயர்த்தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். காற்றை உறிஞ்ச நேரம் கூடும், மோட்டாரும் கொஞ்சம் அதிகமாகச் சுடும். மின்னலையை வைத்து ஓடும் பழைய முறுக்கு டைமராக இருந்தால், 5 நிமிடம் வைத்தது 6 நிமிடம் ஓடும். இதைக் கோளாறு என்று நினைத்து டைமரைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டயலில் 200 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 93 டிகிரி.

3000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். சாதாரண மூன்று முனை பிளக்கின் எல்லையே அதுதான். அதற்கு மேல் பம்ப் வேறு இருக்கிறது. பெரிய பிரஸ்ஸுக்குத் தனி லைன் வேண்டும். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் இழுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டாதீர்கள். சுருட்டிவைத்த வயர் உருகி நாற்றமடித்ததை நான் ஒரு முறை முகர்ந்தது போதும்.

முள் பாதியிலேயே நின்றுவிடுகிறது

அதிகம் வருகிற கோளாறு இது. பெரும்பாலானவர்கள் உடனே பம்பைக் குறை சொல்வார்கள். பம்பைத் தொடுவதற்கு முன் பிரஸ்ஸை இரண்டாகப் பிரியுங்கள்.

பிரஸ்ஸுக்குப் போகிற குழாயைப் பம்பின் வாயிலிருந்து கழற்றுங்கள். அந்த வாயில் நேரடியாக ஒரு கேஜை மாட்டி ஓடவிடுங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேஜும் பித்தளை இணைப்பும் கேட்டுப் பாருங்கள். முள் 27, 28 அங்குலத்துக்கு ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, ஓட்டை பிரஸ் பக்கம். 20லேயே நின்றால் பம்ப்தான். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். இதைச் செய்யாமல் புதுப் பம்ப் வாங்கினால் பல நூறு வெள்ளி போகும்.

இன்னொன்று. பிரஸ்ஸோடு வந்த கேஜை நம்பிவிடாதீர்கள். பம்ப் நிற்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் மற்ற எல்லாக் கணக்கும் தப்பு. எங்கள் பிரஸ்ஸில் முள் 4இல் சிக்கிக் கிடந்தது. அதாவது 25 காட்டியபோது உள்ளே 21தான்.

ஓட்டை பிரஸ் பக்கம் என்று தெரிந்தால் தேட வேண்டிய வரிசை இது: முதலில் ஓரத்து ரப்பர் பட்டை, பிறகு குழாய் இணைப்புகள், கடைசியாகத்தான் ரப்பர் ஷீட். ஓரத்துப் பட்டையில் பழைய டிஷ்யூ (படத்துக்கும் போர்டுக்கும் நடுவில் வைக்கிற, சூட்டில் ஒட்டும் தாள்) பசை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு தலைமுடி அளவு மேடு போதும், காற்று நுழைந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, விரலை வைத்து முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டு விரலுக்குத் தெரியும்.

குழாய் இணைப்புக்குச் சோப்பு நுரை தடவுவார்கள். ஆனால் இது சமையல் கேஸ் சிலிண்டர் அல்ல. கேஸில் காற்று வெளியே வரும், குமிழி எழும். இங்கே காற்று உள்ளே போகிறது. குமிழி எழாது, நுரை உள்ளே இழுக்கப்பட்டு அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். அதைத்தான் தேட வேண்டும். நுரையைக் குறைவாகத் தடவுங்கள், இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் பம்புக்குள் போகும். எனக்குப் பிடித்த வழி வேறு: ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகள் மேல் மெல்ல நகர்த்துங்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் சீறல் கேட்கும்.

ரப்பர் ஷீட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை பளிச்சென்று தெரியும். ஒட்டுப் போடும் முன் அது எந்த ரப்பர் என்று தெரிந்துகொள்ளுங்கள். கறுப்பு இயற்கை ரப்பர் என்றால் சைக்கிள் டியூப் ஒட்டு பிடிக்கும். வெள்ளையாகவோ சிவப்பாகவோ வழுவழுப்பாக இருக்கும் சிலிக்கோன் ஷீட்டில் அந்தப் பசை பிடிக்கவே பிடிக்காது. சிலிக்கோன் பசைதான் வேண்டும். ஷீட்டை மடித்து இழுத்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன என்றால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். மோட்டார் பக்கத்திலும் வெயில் படும் சன்னல் பக்கத்திலும் வைத்தால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

எவ்வளவு ஓட்டை இருந்தால் கவலைப்பட வேண்டும்? 25க்கு ஏற்றி, வால்வை மூடி, ஐந்து நிமிடம் முள்ளைப் பார்ப்பேன். ஒன்றிரண்டு அங்குலம் இறங்கினால் விட்டுவிடுவேன், ஏனென்றால் ஒட்டும்போது பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் பத்து அங்குலம் இறங்கினால் விட மாட்டேன்.

பம்ப் முனகுகிறது, சுற்றவில்லை

கெப்பாசிட்டராக இருக்கலாம். மோட்டார் மேல் முதுகு போலப் புடைத்திருக்கும் மூடிக்குள் இருக்கும். வீங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், கை வைக்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல். சிம் லிம் டவரில் கேட்டுப் பார்க்கலாம். பல மாதம் ஓடாமல் கிடந்த பம்பாக இருந்தால், கெப்பாசிட்டருக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் உள்ளே துரு.

எண்ணெய் பால் மாதிரி வெளுத்துவிட்டது

நம் ஊருக்கே உரிய வியாதி இது என்று சொல்வேன். கண்ணாடி வழியே தெரியும் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) போல் கலங்கி இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? போர்டிலிருந்து. 25 அங்குல வேக்குவத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, சுமார் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். நாம் 85, 90 டிகிரியில் ஒட்டுகிறோம். போர்டுக்குள் ஊறியிருக்கும் ஈரமெல்லாம் ஆவியாகிக் குழாய் வழியே பம்புக்குள் போய் எண்ணெயில் கலக்கிறது. அந்த எண்ணெய் பம்பின் தகடுகளைச் சரியாக அடைக்காது. முள் மெல்ல மெல்ல இறங்கும். நாம் ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்போம்.

பம்பில் கேஸ் பாலஸ்ட் என்று ஒரு சின்னத் திருகு இருந்தால், வேலை முடிந்த பிறகு குழாயை அடைத்துவிட்டு, அதைத் திறந்து அரை மணி நேரம் சூடாக ஓடவிடுங்கள். லேசாகக் கலங்கிய எண்ணெய் தெளிந்துவிடும். முழுக்க வெளுத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். சூடாக இருக்கும்போதே வடியுங்கள், புது எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டி அதையும் வடியுங்கள், மூன்றாவதாக ஊற்றியதை வைத்துக்கொள்ளுங்கள். வேக்குவம் பம்ப் எண்ணெய்தான் வேண்டும்; மோட்டார் சைக்கிள் எண்ணெய் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நான் எண்ணெயை வாரம் ஒரு முறை பார்ப்பேன், மற்ற நாள்களில் மாதம் இரு முறை.

எண்ணெய் இல்லாத கரித் தகடு பம்ப் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அதில் தகடு தேயும், வடிகட்டியில் கறுப்புத் தூள் அடையும். தகட்டைக் கழற்றி அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் கீழ் போயிருந்தால் எல்லாத் தகட்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

படத்தில் எண்ணெய்ப் பொட்டு

பம்பை நிறுத்திவிட்டு அதன் பிறகுதான் காற்றைத் திறக்கிறீர்களா? குழாய்க்குள் வேக்குவம் மிச்சமிருந்தால் அது பம்பிலிருந்து எண்ணெயைப் பின்னோக்கி இழுக்கும். முதலில் காற்றைத் திறக்க வேண்டும், பிறகு பம்பை நிறுத்த வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் ஒருவழி வால்வு இருந்தும் எண்ணெய் வருகிறதென்றால் வால்வு கெட்டுவிட்டது. குழாயையும் மாற்றிவிடுங்கள், அதற்குள் படிந்த எண்ணெய் பல நாளைக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஹீட்டர் ஸ்விட்சைப் போட்டதும் மின்சாரம் போகிறது

பல மாதம் கிடங்கில் கிடந்த பிரஸ்ஸில் இது சகஜம். உலோகக் குழாய்க்குள் கம்பி வைத்த ஹீட்டராக இருந்தால், கம்பியைச் சுற்றி வெள்ளைத் தூள் அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும். மின்சாரம் இயந்திரத்தின் உலோக உடலுக்குக் கசியும். 30 மில்லி ஆம்பியரிலேயே கசிவுத் துண்டிப்பான் விழுந்துவிடும். ஹீட்டர் செத்துவிட்டது என்று முடிவு செய்து தூக்கிப் போடுகிறார்கள். அந்த ஈரத்தைப் பக்குவமாகக் காயவைத்தால் பல ஹீட்டர்கள் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் இதை நீங்களே செய்ய வேண்டாம். மின்பணியாளரை அழைத்து, மின்காப்பை அளக்கச் சொல்லுங்கள். துண்டிப்பானைத் தாண்டி வயர் இழுத்து ஓட்டுகிற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த உலோகத் தகட்டில் தினமும் கை வைக்கிறவர்கள் நாமும் நம் வேலையாள்களும்தான்.

சரியான பிறகு, வேலை இல்லாவிட்டாலும் வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் சூடேற்றுங்கள்.

ஒரு பக்கம் ஒட்டுகிறது, மறுபக்கம் உரிகிறது

காற்று எல்லா இடத்திலும் ஒரே அளவில்தான் அழுத்தும். கைப்பிடி வைத்த பழைய இரும்பு பிரஸ்ஸில் அழுத்தம் ஒரு மூலையில் குறையலாம். வேக்குவத்தில் அப்படிக் குறைவது அபூர்வம். ஆகவே முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள்.

படுக்கையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். கம்பி முனை வைத்த வெப்பமானி நல்லது. துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் அலுமினியத்தில் பொய் சொல்லும், குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறி வையுங்கள்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: கடைப் பில் காகிதம். சூடு பட்டால் கறுக்கிற காகிதம் அது. குறைந்த சூட்டில் வைத்துப் படுக்கை முழுக்கப் பரப்பி ஒரு நிமிடம் மூடுங்கள். எங்கே வெளுப்பாக இருக்கிறதோ அங்கே சூடு போதவில்லை. எல்லாமே கறுத்துவிட்டால் இன்னும் குறைத்து மறுபடி பாருங்கள்.

ஓரங்களில் மூன்று நான்கு டிகிரி குறைந்தால் அது இயல்பு. படத்தை நடுவில் வைத்தால் போதும். பாதிப் படுக்கை குளிர்ந்து கிடந்தால் ஒரு ஹீட்டர் கம்பி அறுந்திருக்கும். மின்பணியாளர் தடையை அளந்தால் தெரிந்துவிடும்: 230 வோல்ட்டில் 1500 வாட் கம்பிக்கு சுமார் 35 ஓம் காட்ட வேண்டும்.

சூடு எங்கும் சரியாக இருந்தும் உரிந்தால், உரிந்த இடத்தைப் பாருங்கள். டிஷ்யூ படத்தோடு ஒட்டி, போர்டை விட்டுவிட்டதா? அப்படியானால் சூடு போர்டு வரை இறங்கவில்லை. நம் பிரஸ்கள் பெரும்பாலும் மேலிருந்து சூடேற்றுபவை. படம்தான் முதலில் சூடாகும். இதற்கு வெப்பத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். வெப்பத்தைக் கூட்டினால் பிளாஸ்டிக் பூச்சுள்ள புகைப்படத் தாள் பாழாகிவிடும். அதற்கு 90 டிகிரியைத் தாண்டவே நான் துணிய மாட்டேன்.

இன்னொரு விஷயம். மறுபடி சூடேற்றிக் கழற்றக்கூடிய வகை டிஷ்யூ, பிரஸ்ஸுக்குள் ஒட்டாது, ஆறும்போதுதான் ஒட்டும். வெளியே எடுத்தவுடன் கண்ணாடிப் பலகையை மேலே வைத்து ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தூக்கிக் காட்டுவதால்தான் பாதி மூலைகள் எழும்புகின்றன.

கொப்புளம்

எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு அம்மா தம் மாமனாரின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தார். திதிக்கு வைக்க வேண்டும். ஒட்டி எடுத்தபோது முகம் தெளிவாக இருந்தது. மறுநாள் காலை கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். அச்சு என்பதால் மறுபடி எடுக்க முடிந்தது. "பரவாயில்லை தம்பி, இன்னொன்னு போட்டுக்கலாம்" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அன்றிலிருந்து உலர்த்தாத போர்டை நான் பிரஸ்ஸில் வைப்பதில்லை.

கொப்புளம் எப்போது வருகிறது என்று பாருங்கள். பிரஸ்ஸிலிருந்து எடுக்கும்போதே இருந்தால், அது சிக்கிய காற்று. ரப்பர் ஷீட் படத்தைச் சுற்றி முதலில் ஒட்டிக்கொண்டு, நடுவில் இருக்கிற காற்றுக்கு வழியை அடைத்துவிடுகிறது. கேஜ் குழாய்ப் பக்கம் இருப்பதால் 25 காட்டும். படத்தின் அடியில் அவ்வளவு இருக்காது. ஒரு பருத்தி நூலையோ வலைத் துணியையோ படத்தின் ஓரத்திலிருந்து உறிஞ்சும் துளை வரை போட்டுவிடுங்கள், காற்று அதன் வழியே போகும். பசை ரப்பரில் ஒட்டாமல் தடுக்கும், நுண்துளை போட்ட ரிலீஸ் ஃபிலிமின் துளைகள் பழைய பசையால் அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

ஒரு நாள் கழித்து வந்தால் அது ஈரம். போர்டையும் படத்தையும் தனித்தனியாக, டிஷ்யூ இல்லாமல், இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் சூடேற்றுங்கள். மூடியைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். மறுபடி ஒரு நிமிடம். மூடியின் உட்புறம் வியர்க்காமல் இருந்தால் உலர்ந்துவிட்டது. உடனே ஒட்டுங்கள், டீ குடித்துவிட்டு வந்தால் போர்டு மறுபடி ஈரத்தைக் குடித்திருக்கும். மிச்சப் போர்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள்.

போர்டு வளைந்தால், பின்பக்கமும் அதே மாதிரித் தாளை ஒட்டினால் நேராகும். பளபளப்புப் படத்தில் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி விழுந்தால், ரிலீஸ் தாளின் சொரசொரப்பு பதிந்திருக்கிறது. வழுவழுப்பான ஃபிலிமுக்கு மாறுங்கள். ஒற்றைப் பரு என்றால் தூசி, அதை எடுக்க வழியே இல்லை.

வேலை முடிந்தும் மூடி திறக்கவில்லை

கடப்பாரை வேண்டாம். காற்றை உள்ளே விடும் மின்வால்வு திறக்கவில்லை. அதன் சின்ன வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது உள்ளே துரு. ஏதாவது ஒரு குழாய் இணைப்பைத் தளர்த்தினால் காற்று சீறி உள்ளே போகும், மூடி தானாக இளகும். ஹீட்டரை முதலில் அணைத்துவிடுங்கள், உள்ளே படம் வெந்துகொண்டிருக்கும்.

இதில் வைக்கவே கூடாதவை

ஒரே பிரதியாக இருக்கிற பழைய குடும்பப் படம், கையால் தீட்டிய ஓவியம், கல் பதித்த தஞ்சாவூர்ப் படம், மெழுகு வண்ணம், கையெழுத்துப் போட்ட மூலச் சான்றிதழ். வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். பழைய படத்தை ஸ்கேன் செய்து அச்சிட்டதை ஒட்டுங்கள். மூலப்படத்தை ஜப்பானியத் தாள் கீலும் கோதுமைப் பசையும் வைத்து மாட்டிக் கொடுங்கள்.

படம் வைக்கும் முன் கடைசிச் சோதனை

மேலே சொன்ன எதைச் சரிசெய்திருந்தாலும், மறுநாள் காலை தமிழ் முரசு நாளிதழில் ஒரு பக்கத்தை எடுத்து, உலர்த்திய போர்டில் டிஷ்யூ வைத்து ஒட்டுவேன். அது மெல்லிய தாள். சூடோ காற்றோ ஈரமோ எங்கே தவறினாலும் அங்கே சுருங்கிக் காட்டிவிடும். அடுத்து வீணாய்ப்போன ஒரு புகைப்பட அச்சு. அதை ஒரு நாள் முழுக்கக் குளிரூட்டி இல்லாத அறையில் வைத்துவிட்டு, மூலையை வளைத்துப் பார்ப்பேன். வெப்பம், நேரம், முள்ளின் எண், அன்று மழையா வெயிலா என்பதை அந்தப் போர்டின் பின்னாலேயே பென்சிலால் எழுதி அடுக்கிவைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன் "எத்தனை டிகிரி அண்ணே?" என்று கேட்டால், அந்த அடுக்கைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.